போலீஸ் தப்பா நடந்துக்கிட்டா எங்க போறது, என்ன எழுதறது: மலேசியால கேஎல், பினாங்கு ஆளுங்களுக்கு

ரோட்பிளாக்ல நிறுத்தி காசு கேட்டாங்க. பாலாய்ல, அதாவது போலீஸ் ஸ்டேசன்ல, ரிப்போட் எடுக்கமாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. தம்பிய புடிச்சிட்டு போனாங்க, எங்க வெச்சிருக்காங்கன்னே தெரியல. லாக்கப்ல அடிச்சிட்டாங்க. இந்த நாலு கதையும் நம்ம ஆளுங்க வாயில அடிக்கடி வர்றதுதான், ஆனா நாலுக்கும் போகவேண்டிய இடம் வேற வேற. நம்ம என்ன பண்றோம்னா நாலுக்கும் ஒரே வைத்தியம், வாட்சப் குரூப்ல ஒரு வாய்ஸ் மெசேஜ், ஃபேஸ்புக்ல ஒரு லைவ், மறுநாள் காலைல ஒய்பி, அதாவது தொகுதி மக்கள் பிரதிநிதி, ஆபீஸ் வாசல்ல நாலு பேரு. ஒரு வாரம் சூடா இருக்கும், அப்பறம் எல்லாரும் மறந்துடுவாங்க, கையில ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் கூட இருக்காது.

நான் லாயர் கிடையாது. கேஎல்ல ஒரு லாயர் ஆபீஸ்ல ரொம்ப வருசம் கிளார்க்கா இருந்தவன், இப்ப ரிட்டயர்ட், ஆனாலும் பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் பக்கத்துல இருந்து யாராவது ஒருத்தர் பிளாஸ்டிக் ஃபைல தூக்கிட்டு வீட்டுக்கு வந்துடுவாங்க. வர்றவங்களுக்கு சொல்றததான் இங்க எழுதறேன். பினாங்குல சொந்தக்காரங்க இருக்காங்க, அவங்க கேக்கறதயும் சேத்துக்கறேன், சட்டம் ரெண்டு இடத்துக்கும் ஒன்னுதான், ஆபீஸ் கட்டடம் மட்டும்தான் வேற.

ரிப்போட் வேற, கம்பளைன் வேற

இத மொதல்ல தீத்துக்கலாம். பாலாய் கவுண்டர்ல நீங்க குடுக்கறது போலீஸ் ரிப்போட், அது குற்றத்துக்கு. அடிச்சாரு, காசு கேட்டாரு, மிரட்டினாரு, போன புடுங்கி திருப்பித் தரல, இதெல்லாம் யார் செஞ்சாலும் குற்றம், யூனிஃபார்ம் போட்டவர் செஞ்சாலும் குற்றம்தான், அதுக்கு விசாரணை பேப்பர் திறக்கணும்னா ரிப்போட் இருக்கணும். கம்பளைன், மலாய்ல ஆடுவான்னு கேப்பாங்க, அது அந்த ஆபீசரோட நடத்தைய பத்தி அவங்களோட இலாகாவுக்கோ வெளிய இருக்கற கமிஷனுக்கோ குடுக்கறது. அதுல வர்ற முடிவு ஒழுங்கு நடவடிக்கை, எச்சரிக்கை, சம்பளத்துல கை வெக்கறது, வேலைய விட்டு தூக்கறது அந்த மாதிரி.

கெட்ட வார்த்தைல திட்டினாரு, ஃபோன எடுக்கவே மாட்டேங்கறாரு, கேஸ தூங்க விட்டுட்டாரு, இதுக்கெல்லாம் கம்பளைன் போதும். அடி, காசு, திருட்டு, பொய் கேஸ்னா ரெண்டும் வேணும். ரிப்போட் போட்டாச்சே கம்பளைன் தானா நடந்துரும்னு உக்காந்துக்கறாங்க பாருங்க, அதுதான் நான் பாத்ததுலயே அதிகம்.

சமான் (அபராத சீட்டு) தப்பா எழுதிட்டாங்கன்னு ஒரு சண்ட இருந்தா அது வேற விசயம், அத கோர்ட்ல பேசணும், இங்க கொண்டு வராதீங்க. சமான கேன்சல் பண்றதுக்காக ஆபீசர் மேல கதை கட்டறவங்களும் இருக்காங்க, சும்மா சொல்றேன்னு நெனச்சிக்காதீங்க, பொய் ரிப்போட்டுக்கு பீனல் கோட் செக்‌ஷன் 182 இருக்கு, அது உங்க மேலயே திரும்பும்.

அந்த இடத்துலயே பண்ணவேண்டியது

ரோட்டுல நின்னு சட்டம் பேசி ஜெயிச்சவங்கள நான் பாத்ததில்ல. அங்க ஜெயிக்க வேணாம், அங்க ஞாபகம் வெச்சுக்கணும், அவ்வளவுதான். யூனிஃபார்ம்ல இருந்தா நெஞ்சுல பேரு இருக்கும், படிச்சிக்கோங்க. சாதா உடுப்புல வந்தா கார்டு காட்டுங்க துவான்னு மரியாதையா கேக்கலாம், கேக்கறது உங்க உரிமை, கார்டோட கலரயும் பாத்துக்கோங்க. நீலம்னா இன்ஸ்பெக்டரும் அதுக்கு மேலயும், மஞ்சள்னா அதுக்கு கீழ உள்ளவங்க, வெள்ளைன்னா ரிசர்வ் போலீஸ், சிவப்புன்னா வேலைல இருந்து சஸ்பெண்ட் ஆனவர், அவருக்கு உங்கள நிறுத்த அதிகாரமே இல்ல.

பேரு படிக்க முடியலன்னா பரவால்ல லா, எம்பிவி, அதாவது போலீஸ் ரோந்து காரோட நம்பர், மணி, எந்த ரோடு, எந்த கடைக்கு எதிர்ல, எத்தன பேரு இருந்தாங்க, இது போதும். எந்த கார்ல யாரு டூட்டின்னு அவங்க ரெக்கார்டுல இருக்கும், தேடணும்னு நெனச்சா கண்டுபுடிச்சிடலாம். அங்கிருந்து நகந்த உடனே, வீட்டுக்கு போயி குளிச்சிட்டு சாப்ட்டுட்டு இல்ல, உடனே, அக்காவுக்கோ அண்ணனுக்கோ வாட்சப்ல நடந்தத அப்படியே டைப் பண்ணி அனுப்பிடுங்க. அதுல மணி தானா விழும், ரெண்டு மாசம் கழிச்சு நீ எப்ப சொன்ன யாருகிட்ட சொன்னன்னு கேக்கும்போது அந்த மெசேஜ் பெரிய உதவி.

வீடியோ எடுக்கலாமான்னு எல்லாரும் கேக்கறாங்க. தள்ளி நின்னு, அவங்க வேலைக்கு குறுக்க போகாம எடுக்கறது நல்லது. மூஞ்சிக்கு முன்னாடி ஃபோன நீட்டிக்கிட்டு வாக்குவாதம் பண்ணா செக்‌ஷன் 186, அரசாங்க ஊழியர் வேலைக்கு இடைஞ்சல்னு உங்க மேல ஒன்னு எழுத வழி குடுத்த மாதிரி ஆயிடும். நிறுத்த சொன்னா நிறுத்திட்டு, நிறுத்த சொன்னாருங்கறதயும் எழுதி வெச்சிக்கோங்க. பொம்பள ஆள பொம்பள போலீஸ்தான் உடம்ப தொட்டு சோதிக்கலாம், அது மீறினா அதுவே தனி கம்பளைன்.

பக்கத்துல கடை இருந்தா அதோட சிசிடிவிய அன்னைக்கே இல்ல மறுநாளே போயி கேளுங்க. கடை மிஷின் கொஞ்ச நாள்ல பழசு மேல புதுச எழுதிடும், ஐஓ, அதாவது விசாரணை ஆபீசர், வந்து கேப்பாருன்னு விட்டா அவர் வர்றதுக்குள்ள ஒன்னும் இருக்காது. கடைக்காரர் குடுக்க பயந்தா, அழிக்காம வெச்சிருங்க தம்பி, போலீசோ லாயரோ லெட்டரோட வருவாங்கன்னு சொல்லி, அப்படி கேட்ட தேதியயும் குறிச்சிக்கோங்க. ரோட்டு கேமரான்னா கேஎல்ல டிபிகேஎல், பினாங்கு தீவுல எம்பிபிபி, ரெண்டும் நகராட்சி, அத நீங்க போயி வாங்க முடியாது, ஆனா இந்த இடத்துல கேமரா இருக்குன்னு கம்பளைன்லயே எழுதிடணும்.

அடிபட்டிருந்தா மொதல்ல டாக்டர்

காயம் இருந்தா பாலாய்க்கு முன்னாடி ஹாஸ்பிட்டல். கவர்மெண்டு ஹாஸ்பிட்டலா இருந்தா நல்லது, கேஎல்ல ஜெனரல் ஹாஸ்பிட்டல், பினாங்குல ஜாலான் ரெசிடென்சில இருக்கற ஜெனரல் ஹாஸ்பிட்டல், எமர்ஜென்சிக்கு நேரா போங்க. டாக்டர்கிட்ட படிக்கட்டுல விழுந்துட்டேன்னு சொல்லாதீங்க. பயத்துலயும் வெக்கத்துலயும் அப்படி சொல்லிடறாங்க, டாக்டர் நீங்க சொல்றததான் எழுதுவாரு, அந்த ஒரு வரி பின்னாடி கோர்ட்ல உங்களயே கடிக்கும். யாரு, எதால, உடம்புல எங்க, எத்தன தடவ, எப்ப, இத சொல்லுங்க. உள்ள வலிக்குது, மூத்திரத்துல ரத்தம் வருது, காது கேக்கல, வெளிய தெரியாததயும் சொல்லுங்க.

ஃபோட்டோ அன்னைக்கு ஒரு தடவ, ரெண்டு மூனு நாள் கழிச்சு ஒரு தடவ எடுங்க, ஏன்னா கன்றிப்போன எடம் அப்பறம்தான் நல்லா கறுக்கும். மூஞ்சியும் காயமும் ஒரே படத்துல வர்ற மாதிரி ஒன்னு, கிட்டத்துல ஒன்னு. அன்னைக்கு போட்டிருந்த சட்டைய தொவைக்காதீங்க, அம்மா தெரியாம மிஷின்ல போட்டுட போறாங்க, பேப்பர் பையில எடுத்து வெச்சிடுங்க.

டாக்டர் பேப்பர் எவ்வளவு முக்கியம்னு குகன் கேஸ்ல நாடே பாத்துச்சு. 2009 ஜனவரில சுபாங் ஜெயா தைப்பான் பாலாய்ல விசாரணைல இருந்தப்ப அவர் இறந்தாரு, மொத போஸ்ட்மார்ட்டம் நுரையீரல்ல தண்ணின்னு சொல்லிச்சு, குடும்பம் விடாம நின்னு உடம்புல இருந்த காயத்த படம் எடுத்து, ரெண்டாவது போஸ்ட்மார்ட்டம் கேட்டு வாங்கினாங்க, யுனிவர்சிட்டி மலாயா ஹாஸ்பிட்டல்ல பண்ண அந்த ரெண்டாவதுல அடிபட்டு கிட்னி செயலிழந்ததுன்னு வந்துச்சு. 2013ல ஹைகோர்ட் குடும்பத்துக்கு 8 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல நஷ்ட ஈடு குடுக்க சொல்லிச்சு. அந்த குடும்பம் மொத பேப்பர வாங்கிட்டு காரியம் பண்ணிட்டு போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல. காவல்ல ஒருத்தர் இறந்துட்டாருன்னா உடம்ப அடக்கமோ தகனமோ பண்றதுக்கு முன்னாடியே லாயர்கிட்ட பேசுங்க, சட்டப்படி மேஜிஸ்திரேட் மரண விசாரணை நடத்தணும், அது கிரிமினல் புரோசீஜர் கோட் செக்‌ஷன் 334ல இருக்கு. எரிச்சிட்டா திரும்ப பாக்க ஒன்னும் இல்ல.

வீட்டு ஆள் உள்ள இருக்கும்போது

புடிச்சிட்டு போயிட்டாங்கன்னு ஃபோன் வந்தா மொதல்ல கேக்கவேண்டியது எந்த பாலாய், எந்த ஐஓ, ஐஓ நம்பர் என்ன, எந்த செக்‌ஷன்ல புடிச்சிருக்காங்க. கேஎல்ல புடிச்சவங்கள ஜின்ஜாங் லாக்கப்புக்கு கொண்டு போறது சகஜம், அதனால புடிச்ச பாலாய்ல ஆள் இல்லன்னு சொன்னா பொய் சொல்றாங்கன்னு உடனே கத்தாதீங்க, ஜின்ஜாங்கான்னு கேளுங்க.

செக்‌ஷன் 28A (இதுவும் கிரிமினல் புரோசீஜர் கோட்தான்) என்ன சொல்லுதுன்னா, விசாரிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வீட்டு ஆள் ஒருத்தருக்கும் லாயருக்கும் தகவல் சொல்ல விடணும். டிஎஸ்பியும் அதுக்கு மேலயும் உள்ள ஆபீசர் காரணத்த எழுதி வெச்சு இத நிறுத்தலாம், மத்தபடி சும்மா இல்லன்னு சொல்ல முடியாது. 24 மணி நேரத்துக்குள்ள மேஜிஸ்திரேட் முன்னாடி கொண்டு போகணும், அதுக்கு மேல வெச்சிருக்கணும்னா ரிமாண்ட் ஆர்டர் வேணும். 14 வருசத்துக்கு கம்மியா தண்டனை உள்ள குற்றம்னா மொதல்ல 4 நாள், அப்பறம் 3 நாள், 14 வருசமோ அதுக்கு மேலயோ உள்ள குற்றம்னா 7 நாள், இன்னொரு 7 நாள். சொஸ்மாங்கற பாதுகாப்பு குற்ற சட்டத்துல புடிச்சா இந்த கணக்கு ஓடாது, அதுல 28 நாள் வரைக்கும் போகும், அந்த சட்டம்னு தெரிஞ்ச நிமிசமே லாயர புடிங்க.

அந்த மேஜிஸ்திரேட் முன்னாடி நிக்கற கொஞ்ச நேரம் இருக்கு பாருங்க, அத நம்ம பசங்க வீணாக்கிடறாங்க. அடிச்சாங்கன்னா அங்கயே சொல்லணும். சட்டைய தூக்கி காட்டணும். போலீஸ் பக்கத்துல நிக்குதேன்னு பயமாத்தான் இருக்கும், ஆனா அங்க சொன்னது கோர்ட் நோட்ஸ்ல விழுந்துடும், டாக்டர்கிட்ட அனுப்பச் சொல்லி மேஜிஸ்திரேட் உத்தரவு போடலாம், வெளிய வந்து ஒரு மாசம் கழிச்சு சொன்னா ஏன் அப்பவே சொல்லலன்னுதான் மொத கேள்வி வரும். காசு இல்லாதவங்களுக்கு ஒய்பிஜிகே, அதாவது தேசிய சட்ட உதவி அறவாரியத்து லாயருங்க ரிமாண்டுக்கே இலவசமா வர்றாங்க, எனக்கு ஒய்பிஜிகே லாயர் வேணும்னு பையன் வாய தொறந்து கேக்கணும், வெளில இருக்கற குடும்பமும் ஃபோன் அடிச்சு கேக்கலாம். இத வீட்டுல இருக்கற பசங்களுக்கு இப்பவே சொல்லி வெச்சிடுங்க, மாட்டினப்பறம் சொல்ல முடியாது.

ரிப்போட் போடற அன்னைக்கு

எந்த பாலாய்ல வேணும்னாலும் ரிப்போட் போடலாம். இது எங்க ஏரியா இல்ல அங்க போங்கன்னு சொல்லக்கூடாது, அது போலீசோட சொந்த கொள்கையே. அதனால சம்பந்தப்பட்ட ஆள் வேலை பாக்கற அதே பாலாய்க்கு போயி நிக்க அவசியம் இல்ல, கொஞ்சம் தள்ளி வேற டிஸ்ட்ரிக்ட் பாலாய்க்கோ, நேரா ஹெட்குவாட்டர்ஸ் பக்கமோ போங்க. கேஎல்ல ஐபிகே, அதாவது அந்த ஹெட்குவாட்டர்ஸ், ஜாலான் ஹங் துவால இருக்கு, தீவுல ஐபிகே பினாங்கு ரோட்டுல, டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ் ஜாலான் பட்டாணில. பெருநிலத்து ஆளுங்களுக்கு செபராங் பிறைல வடக்கு, மத்தி, தெற்குன்னு மூனு டிஸ்ட்ரிக்ட், பக்கத்துல எதுவோ அங்க.

தனியா போகாதீங்க. அமைதியா பேசற ஒருத்தர கூட கூட்டிட்டு போங்க, சண்டைக்கு நிக்கற மாமா வேணாம். கவுண்டர்ல சாயா நாக் புவாட் லாப்போரான்னு சொன்னா போதும், ரிப்போட் போடணும்னு அர்த்தம். மலாய்ல கோர்வையா சொல்ல வராதுன்னா வீட்டுலயே பசங்கள விட்டு மலாய்ல எழுதி எடுத்துட்டு போங்க. நீங்க வாயால சொன்னாலும் அவங்க எழுதிக்கணும், எழுதினத உங்களுக்கு வாசிச்சு காட்டணும், செக்‌ஷன் 107ல, அதே கோட்ல, இருக்கு. வாசிக்கும்போது பாதில சைன் பண்ணாதீங்க. அடிச்சாருன்னு நீங்க சொன்னது தள்ளினாருன்னு மாறியிருக்கா, பேரும் கார் நம்பரும் விட்டுப்போச்சான்னு பாத்து, மாத்த சொல்லுங்க, மாத்தினப்பறம் சைன். காப்பி கையில வாங்காம வாசல தாண்டாதீங்க.

எடுக்கவே மாட்டேன்னு சொன்னா? கத்தாம, சரி துவான், உங்க பேரு சொல்லுங்க, எடுக்கமாட்டேன்னு சொன்னத நான் எழுதிக்கறேன்னு சொல்லுங்க. பாதி நேரம் அங்கயே பேனா எடுத்துடுவாங்க. இல்லன்னா கெத்துவா பாலாய், அதாவது பாலாய் தலைவர, பாக்கணும்னு கேளுங்க, அதுவும் ஆகலன்னா அடுத்த பாலாய், ஆனா மொத பாலாய்ல திருப்பி அனுப்பினத ரெண்டாவது ரிப்போட்ல ஒரு வரியா சேத்துடுங்க.

கம்பளைன் குடுக்க நாலு வாசல்

ஒன்னு புக்கிட் அமான்ல இருக்கற ஜிப்ஸ், போலீசோட ஒழுங்கு இலாகா. ஆபீசர் மரியாதை இல்லாம நடந்துக்கிட்டது, எஸ்ஓபி மீறினது, கேஸ கவனிக்காதது இதுக்கு இதுதான் நேர்வழி. ஆன்லைன்ல போலீசோட பொது புகார் சிஸ்டம், சிஸ்பான்னு சொல்லுவாங்க, அதுல போட்டா ஒரு நம்பர் குடுக்கும். போலீசே போலீஸ விசாரிக்கறதான்னு சிரிப்பீங்க, நியாயம்தான், ஆனா சின்ன விசயத்துக்கு இது வேகமா வேலை செய்யுது, ஏன்னா ஜிப்ஸ்ல இருந்து ஃபோன் வந்தா ஓசிபிடிக்கு, டிஸ்ட்ரிக்ட் போலீஸ் தலைவருக்கு, வேர்க்கும்.

ரெண்டாவது ஐபிசிசி, போலீஸ் நடத்தைக்கான சுயேச்சை கமிஷன். இதோட கதை நீளம். துன் முகமது ஜைடின் தலைமைல ராயல் கமிஷன் 2005ல 125 பரிந்துரை குடுத்துச்சு, அதுல ஒன்னு பல்லு உள்ள ஒரு கமிஷன் வேணும்னு. அத இழுத்து இழுத்து நடுவுல இஏஐசின்னு எல்லா அமலாக்க இலாகாவுக்கும் சேத்து ஒன்னு வெச்சு, கடைசில சட்டம் 839 வந்து 2023 ஜூலை 1 ல இருந்து ஐபிசிசி நடக்குது. 2005ல கேட்ட அளவு பல்லு இதுக்கு இல்ல, சும்மா நம்பிக்கை குடுக்க எனக்கு இஷ்டம் இல்ல. இவங்க விசாரிச்சு தப்புன்னு கண்டா தண்டனை குடுக்க முடியாது, போலீஸ் படை கமிஷனுக்கு அனுப்புவாங்க, அந்த கமிஷனுக்கு உள்துறை மினிஸ்டர்தான் தலைவர், நாட்டு போலீஸ் தலைவர் ஐஜிபியும் அதுல மெம்பர். லஞ்சம்னா லஞ்ச ஒழிப்பு கமிஷன் எஸ்பிஆர்எம்முக்கும், குற்றம்னா பப்ளிக் பிராசிக்கியூட்டருக்கும் தள்ளுவாங்க. ஐஜிபியோட ஸ்டேண்டிங் ஆர்டர்ல வர்ற விசயம் இவங்க எல்லைக்கு வெளிய, அது திரும்ப ஜிப்சுக்குத்தான் போகும். அப்பறம் எதுக்கு போகணும்னா, வெளில இருந்து ஒரு ஃபைல் திறக்குது, போலீஸ் அந்த ஃபைலுக்கு பதில் எழுதணும், உங்க கையில ஒரு பேப்பர் வருது. காவல்ல அடி, மிரட்டல், அநியாயமா புடிச்சு வெச்சது, இன பாகுபாடு இதுக்கெல்லாம் நான் ஐபிசிசிக்கும் ஜிப்சுக்கும் ரெண்டுக்கும் போடச் சொல்றேன்.

மூனாவது எஸ்பிஆர்எம், காசு விசயத்துக்கு மட்டும். காப்பி காசு கேட்டா ஜிப்ஸ் வேணாம், நேரா இங்க, 1-800-88-6000. ஆனா நல்லா கேட்டுக்கோங்க, கேட்டவர் மட்டும் இல்ல குடுத்தவரும் குற்றவாளி. குடுத்துட்டு வந்து நான் குடுத்தேன்னு பெருமையா போஸ்ட் போடறவங்கள பாத்தா எனக்கு தலைய சுத்துது. கேட்டாங்கன்னா குடுக்காம, சமான் எழுதுங்க துவான்னு சொல்லிட்டு, சீக்கிரமா போயி ரிப்போட் பண்ணணும், 2009 எஸ்பிஆர்எம் சட்டம் செக்‌ஷன் 25 அத கடமையாவே வெச்சிருக்கு. பேரு வெளில வருமேன்னு பயந்தா, தகவல் குடுக்கறவங்கள பாதுகாக்க 2010ல வந்த சட்டம் ஒன்னு இருக்கு, அது அமலாக்க ஏஜென்சிகிட்ட சொன்னவங்களுக்கு, டிக்டாக்ல சொன்னவங்களுக்கு இல்ல.

நாலாவது சுஹாகாம், மனித உரிமை கமிஷன், 1999 சட்டத்துல வந்தது. லாக்கப்புக்குள்ள போயி பாக்கற அதிகாரம் இவங்களுக்கு இருக்கு, அதனால ஆள் இன்னும் உள்ள இருக்கும்போது ஏதோ நடக்குதுன்னு சந்தேகம் இருந்தா இவங்களுக்கு சீக்கிரம் சொல்லணும். விசயம் ஏற்கனவே கோர்ட்ல ஏறிட்டா இவங்க விசாரிக்க முடியாது, அதனால வரிசை முக்கியம். கூடவே சுவாராம் மாதிரி அமைப்புங்க இருக்காங்க, காவல் மரணம், லாக்கப் அடி இதுல பழுத்த அனுபவம், லெட்டர் எழுதவும் கூட நிக்கவும் செய்வாங்க.

ஒய்பி கிட்ட போகவே கூடாதான்னா போகலாம். கேஎல்ல பார்லிமெண்ட் மெம்பர் மட்டும்தான், பினாங்குல ஸ்டேட் ஒய்பியும் உண்டு. ஆனா அவர் லெட்டர் ஒரு தள்ளுவிசை, கம்பளைன் ஆகாது. நம்பர் வாங்கினதுக்கப்பறம் போனீங்கன்னா அந்த நம்பர போட்டு அவர் கேக்க முடியும், வெறும் கையோட போனா அவரும் ஒரு ஃபோன் அடிச்சு, பாத்துக்கறேன்னு சொல்லி அனுப்பிடுவாரு.

எழுதற விதம்

இங்கதான் நிறைய கம்பளைன் சாகுது. மூனு பக்கத்துக்கு அநியாயம், அக்கிரமம், இந்த நாட்டுல இந்தியனுக்கு நீதியே இல்லன்னு எழுதிட்டு, சம்பவம் நடந்த தேதி இல்ல. படிக்கற ஆபீசருக்கு உங்க கோவம் வேணாம், அவர் போயி தேடக்கூடிய விசயம் வேணும். நான் எழுதிக்குடுக்கறது இப்படித்தான் இருக்கும், இது சும்மா மாதிரி:

ராத்திரி சுமார் 10.40 க்கு ஜாலான் ஈப்போல பெட்ரோல் ஸ்டேசன் எதிர்ல மோட்டார்ல வந்துட்டு இருந்தேன். எம்பிவி கார் ஒன்னு நிறுத்தினது, நம்பர் இது. யூனிஃபார்ம்ல ரெண்டு பேர், ஒருத்தர் நெஞ்சுல இந்த பேரு இருந்தது, இன்னொருத்தர் பேரு தெரியல, உயரம், மீசை, கண்ணாடி போட்டிருந்தார். ஐசியும் லைசன்சும் கேட்டார், குடுத்தேன். எதுக்கு நிறுத்தினீங்கன்னு கேட்டேன். வலது கையால என் இடது கன்னத்துல ஒரு தடவ அறைஞ்சார், இந்த வார்த்தைய சொன்னார். என் நண்பர் பின்னாடி உக்காந்திருந்தார், பாத்தார். 11.30 க்கு ஹாஸ்பிட்டல் போனேன். ரிப்போட் நம்பர் இது.

அவ்வளவுதான். குடிகாரன், ரவுடின்னு பட்டம் குடுக்காதீங்க, வாயில சாராய வாடை வந்துச்சுன்னா வாடை வந்துச்சுன்னு எழுதுங்க. இனத்த சொல்லி திட்டினா அந்த வார்த்தைய அப்படியே, எவ்வளவு அசிங்கமா இருந்தாலும், மேற்கோள் குறிக்குள்ள போடுங்க. தெரியாதத தெரியலன்னு எழுதறதுல அவமானம் இல்ல, யூகத்த உண்மை மாதிரி எழுதினாத்தான் மாட்டுவீங்க. நீங்களும் கைய ஓங்கியிருந்தா, ஓடியிருந்தா அதயும் எழுதிடுங்க, எப்படியும் அவங்க பதில்ல அது வரும், நீங்க மறைச்சது தெரிஞ்சா மிச்சம் சொன்னது எல்லாம் போச்சு.

கடைசில என்ன வேணும்னு ஒரு வரி, விசாரிங்க, சிசிடிவிய எடுத்து வைங்க, எனக்கு எழுத்துல பதில் குடுங்க. மலாய்ல போட்டா சீக்கிரம் நகரும். கையால கொண்டு போயி குடுத்தா உங்க காப்பில ரிசீவ்டு சாப்பு, அதாவது முத்திரை, தேதியோட, சைனோட. தபால்ல போட்டா ரெஜிஸ்டர். ஒரிஜினல யார் கேட்டாலும் குடுக்காதீங்க, எனக்கும் வேணாம்.

போட்டதுக்கப்பறம்

கொஞ்ச நாள் ஒன்னும் நடக்காது. அப்பறம் ஸ்டேட்மெண்ட் எடுக்க கூப்பிடுவாங்க. ஃபோன்ல சும்மா வாங்கன்னா, எந்த ஆபீசர், எந்த ஆபீஸ், என்ன கேஸ் நம்பர்னு கேட்டு மெசேஜ்ல அனுப்ப சொல்லுங்க, கம்பளைன்ல பேரு உள்ள ஆள் வேலை செய்யற எடத்துல வேணாம்னு சொல்லலாம். லாயரோ தெரிஞ்சவரோ கூட வரட்டும்.

இன்னொரு ஃபோன் வரும், அத பத்தித்தான் நான் எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லி வெக்கறது. தம்பி, அவருக்கு குடும்பம் இருக்கு, மன்னிப்பு கேக்கறேங்கறாரு, ரிப்போட்ட தாரிக் பாலெக் பண்ணிடு, வாபஸ் வாங்கிடுன்னு. யாரோ ஒரு அண்ணன், கோயில் கமிட்டி ஆள், சில நேரம் சொந்தக்காரரே பேசுவாரு. மன்னிக்கறதும் மன்னிக்காததும் உங்க இஷ்டம், நான் அதுல தலையிடல. ஆனா எழுத்துல சைன் பண்றதுக்கு முன்னாடி லாயர்கிட்ட காட்டுங்க, ஏன்னா நான் சொன்னது பொய்னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு வரி அதுல இருந்தா அந்த 182 வந்து நிக்கும். காசு குடுத்து முடிக்க பாத்தா அதுக்கும் எஸ்பிஆர்எம்தான்.

ரிப்போட் போட்டு 4 வாரம் தாண்டியும் சத்தம் இல்லன்னா செக்‌ஷன் 107A இருக்கு. ரிப்போட் போட்ட பாலாய் தலைவருக்கு ஒரு லெட்டர், என் ரிப்போட் விசாரணை எந்த நிலைமைல இருக்குன்னு சொல்லுங்க. 2 வாரத்துக்குள்ள பதில் தரணும், தரலன்னா பப்ளிக் பிராசிக்கியூட்டருக்கு புகார் எழுதலாம். வாரண்டு இல்லாம புடிக்கக்கூடிய குற்றத்துக்குத்தான் இது ஓடும், விசாரணை கெடும்னு தோணினா அவங்க மறுக்கலாம், இருந்தாலும் இந்த ஒரு லெட்டர் நிறைய தூங்கற ஃபைல எழுப்பி விட்டிருக்கு, நம்ம ஆளுங்கள்ல இத தெரிஞ்சவங்க ரொம்ப கம்மி.

வைரல் பண்றத பத்தி கேட்டா, கம்பளைன் நம்பர் வாங்கறதுக்கு முன்னாடி வேணாம்னுதான் சொல்லுவேன். வீடியோவ போட்டா சம்பந்தப்பட்டவர் உசாராயிடுவாரு, கமெண்டுல நம்ம பசங்க எழுதறது செக்‌ஷன் 233, கம்யூனிகேசன் சட்டத்துல உங்களயே இழுத்துட்டு போகும், அப்பறம் போலீஸ் நடத்தைய யாரும் பேசமாட்டாங்க, உங்க போஸ்ட்டத்தான் பேசுவாங்க.

பதில் லெட்டர் வரும்போது பாதி நேரம் தவறு நிரூபிக்கப்படலன்னு ரெண்டு வரில இருக்கும். ஜிப்ஸ் அப்படி சொன்னா அந்த லெட்டரையே சேத்து ஐபிசிசிக்கு போடலாம், அது முடிஞ்சும் மனசு ஆறலன்னா சிவில் கேஸ். கவர்மெண்டு மேலயும் அதோட ஊழியர் மேலயும் கேஸ் போட 1948 பொது அதிகாரிகள் பாதுகாப்பு சட்டத்துல 36 மாசம்தான் டைம், சம்பவம் நடந்த நாள்ல இருந்து ஓடுது, கமிஷன் பதிலுக்காக நீங்க காத்திருக்கீங்கன்னு அது நிக்காது. பார் கவுன்சிலோட லீகல் எய்டு செண்டர் கேஎல்லயும் இருக்கு பினாங்குலயும் இருக்கு, சம்பளம் பாத்து எடுத்துக்குவாங்க, கேஸ் போடற எண்ணம் இருந்தா மொத வருசத்துலயே போயி பாருங்க. போகும்போது ரிப்போட் காப்பி, மெடிக்கல் ரிப்போட், சாப்பு அடிச்ச கம்பளைன், எல்லா பதில் லெட்டர், அந்த மொத நாள் வாட்சப் மெசேஜோட ஸ்கிரீன்சாட், இது அஞ்சும் ரெண்டு செட்டு.